சரக்கு விமானத்தில் விமானி வேலை: புதியவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

சரக்கு விமானம் ஓட்டுவதற்கென்று இந்தியாவில் தனி உரிமம் எதுவும் கிடையாது. பயணிகள் விமானத்தின் துணை விமானி வைத்திருக்கும் அதே சிபிஎல் (வணிக விமானி உரிமம்)தான். எந்த நிறுவனம், எந்த விமானம், எந்த நேரத்துப் பணி என்பதெல்லாம் உரிமம் கைக்கு வந்த பிறகு எழும் கேள்விகள். பலர் யோசிக்காமல் கையெழுத்துப் போடுவது அங்கேதான். ஆகவே உரிமம் வாங்கும் பகுதியை வேகமாகக் கடந்துவிட்டு, மற்றதை நிதானமாகப் பார்ப்போம்.

படி 1: உரிமம்

12 ஆம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் வேண்டும். வேறு பிரிவில் படித்தவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக அந்த இரு பாடங்களையும் எழுதித் தேறுவது வழக்கம். அடுத்தது மருத்துவப் பரிசோதனை: முதலில் இரண்டாம் வகுப்புச் சான்றிதழ், பிறகு முதல் வகுப்பு. பயிற்சிப் பள்ளிக்கு ஒரு ரூபாய் கட்டுவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். பயிற்சிச் செலவு அரைக் கோடியைத் தொடக்கூடியது. கடன் வாங்கிய பிறகு கண்ணில் குறை இருப்பது தெரியவந்தால் குடும்பமே தவித்துப்போகும்.

பிறகு விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ நடத்தும் தேர்வுகள்: வான்வழிச் செலுத்தம், வானிலை, விமான விதிகள், தொழில்நுட்பம். ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் எடுக்க வேண்டும். ரேடியோவில் பேசுவதற்கான ஆர்டிஆர் சான்றிதழ் தனி. பறப்பது மொத்தம் 200 மணி நேரம். அதில் 100 மணி நேரம் நீங்களே பொறுப்பு விமானி. இரவில் 5 மணி நேரம், 10 முறை மேலெழும்பித் தரையிறங்க வேண்டும். சரக்குத் துறைக்குப் போக விரும்புகிறவர் இந்த இரவு நேரக் கணக்கைக் குறைந்தபட்ச அளவோடு நிறுத்திக்கொள்ளாமல் இருப்பது நல்லது. நாளை அதுதான் அலுவலக நேரம்.

படி 2: ஆள் எடுப்பவர்கள் யார்?

பட்டியல் சின்னது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ப்ளூ டார்ட் ஏவியேஷன் 1996 முதல் பறந்துவருகிறது. போயிங் 757 சரக்கு விமானங்களோடு பின்னர் 737-800 வகையையும் சேர்த்துக்கொண்டது. பெங்களூரின் குவிக்ஜெட் 2023 முதல் அமேசானுக்காக 737-800 இயக்கத் தொடங்கியது. இண்டிகோ 2022-இல் ஏர்பஸ் ஏ321 சரக்கு விமானத்தைக் கொண்டுவந்தது.

இவ்வளவு பெரிய நாட்டில் ஏன் இத்தனை குறைவு? உள்நாட்டு விமானச் சரக்கில் பெரும்பகுதி பயணிகள் விமானங்களின் அடிவயிற்றிலேயே போய்விடுகிறது. இண்டிகோவிடம் 400-க்கும் மேற்பட்ட விமானங்கள் இருக்க, அதில் சரக்குக்கென்றே இருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: டெக்கான் 360 போல ஆரவாரமாகத் தொடங்கிச் சில ஆண்டுகளில் மூடிய சரக்கு நிறுவனங்களும் இங்கே உண்டு. நேர்முகத் தேர்வுக்குப் போகும் முன் அந்த நிறுவனத்தின் விமானங்கள் உண்மையில் தினமும் பறக்கின்றனவா என்று விமானங்களைக் கண்காணிக்கும் செயலி ஒன்றில் ஒரு வாரம் பாருங்கள். செலவில்லாத சோதனை.

படி 3: சம்பளத்துக்கு முன் விமானத்தைப் பாருங்கள்

என்னைக் கேட்டால் இந்தத் துறையில் புதியவர் எடுக்கும் மிகப் பெரிய முடிவு இதுதான். சிபிஎல் வாங்கியபின் குறிப்பிட்ட விமான வகையை ஓட்டுவதற்கான தனித் தகுதியை, அதாவது டைப் ரேட்டிங்கை, எடுக்க வேண்டும். அதுவும் லட்சக்கணக்கில் செலவாகும். அந்த ரேட்டிங் எங்கெங்கே செல்லும் என்பதே உங்கள் அடுத்த பத்து ஆண்டுகளைத் தீர்மானிக்கும்.

போயிங் 757-ஐ எடுத்துக்கொள்வோம். விமானிகள் விரும்பும் வலுவான விமானம். ஆனால் அதன் உற்பத்தி 2004-இலேயே நின்றுவிட்டது. இந்தியப் பயணிகள் நிறுவனம் எதுவும் அதை இயக்கவில்லை. நான்கு ஆண்டு 757 ஓட்டிவிட்டு ஏ320-க்கு மாற நினைத்தால் புதிய ரேட்டிங்கிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு ஆறுதல், 757-க்கும் 767-க்கும் ரேட்டிங் பொதுவானது. 767 உலகெங்கும் சரக்கு நிறுவனங்களின் உழைப்பாளி. அதை நம்பி ‘ஃபெடெக்ஸ், யுபிஎஸ் போன்ற அமெரிக்கச் சரக்கு நிறுவனங்களுக்குப் போய்விடலாம்’ என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். அமெரிக்காவில் வேலை செய்யும் உரிமை இல்லாமல் அந்தக் கதவு திறக்காது.

737-800 என்றால் நிலைமை வேறு. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், ஸ்பைஸ்ஜெட், ஆகாசா ஆகிய நிறுவனங்கள் 737 குடும்ப விமானங்களைப் பயன்படுத்துகின்றன. ஏ321 சரக்கு விமானத்துக்கான ரேட்டிங் ஏ320-க்கும் பொருந்தும். வளைகுடாவில் இந்தப் பிரிவினையே மங்கிவிடுகிறது: எமிரேட்ஸிலும் கத்தார் ஏர்வேஸிலும் 777 விமானி ஒருவரே பயணிகள் விமானத்தையும் சரக்கு விமானத்தையும் ஓட்டுவார்.

ரேட்டிங் செலவை நிறுவனம் ஏற்கிறதா, ஏற்றால் எத்தனை ஆண்டுக்கு ஒப்பந்தப் பத்திரம் கேட்கிறது என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழி உறுதியை நம்பி லட்சங்களைக் கொட்டாதீர்கள்.

படி 4: தேர்வு நாள்

பொதுவாக எழுத்துத் தேர்வு, உளவியல் சோதனை, சிமுலேட்டர், நேர்முகம் என்ற வரிசை. சிமுலேட்டரில் மேலெழும்பும்போது ஒரு எஞ்சினை நிறுத்திவிடுவார்கள். தானியங்கியை அணைத்துவிட்டு ஐஎல்எஸ் முறையில், அதாவது ஓடுதளத்திலிருந்து வரும் ரேடியோ சமிக்ஞையைக் கருவியில் பார்த்து, இறங்கச் சொல்வார்கள். வித்தை காட்ட முயல வேண்டாம். பக்கத்தில் இருப்பவரிடம் நீங்கள் சொல்ல வேண்டியதைச் சொல்கிறீர்களா, அவர் சொல்வது காதில் விழுகிறதா என்பதையும் கூர்ந்து பார்ப்பார்கள்.

நேர்முகத்தில் ‘ஏன் சரக்கு?’ என்று நிச்சயம் கேட்பார்கள். ‘பயணிகள் நிறுவனத்தில் இடம் கிடைக்கவில்லை’ என்ற உண்மையைத் தவிர வேறு உண்மை ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். அதற்குச் சரக்கின் தனி ஆபத்துகளைப் படிப்பதுதான் வழி.

உதாரணமாக, ‘பிரதான சரக்குத் தளத்தில் புகை எச்சரிக்கை வருகிறது, என்ன செய்வீர்கள்?’ பல சரக்கு விமானங்களில் அந்தத் தளத்துக்குத் தீயணைப்பு வாயு கிடையாது. விமானிகள் ஆக்சிஜன் முகமூடியை மாட்டிக்கொண்டு, காற்றோட்டத்தை நிறுத்தி, அறை அழுத்தத்தை வெளியேற்றி, ஏறக்குறைய 25,000 அடி உயரத்தின் மெலிந்த காற்றில் தீயைத் திணறடிக்கப் பார்ப்பார்கள். கூடவே அருகிலுள்ள ஓடுதளத்தைத் தேடுவார்கள். 2010 செப்டம்பரில் துபாயிலிருந்து கிளம்பிய யுபிஎஸ் 747-இல் லித்தியம் பேட்டரிகள் இருந்த சரக்கு தீப்பற்றி, விமானி அறை புகையால் நிறைந்து, இருவருமே உயிரிழந்தார்கள். 2013 ஏப்ரலில் ஆப்கானிஸ்தானின் பக்ராமில் நேஷனல் ஏர்லைன்ஸ் 747-க்குள் கட்டியிருந்த ராணுவ வாகனம் மேலெழும்பும்போது அவிழ்ந்து பின்னால் சரிய, எழுவர் இறந்தார்கள். ஆபத்தான சரக்கு என்ன, எங்கே வைத்திருக்கிறது என்று சொல்லும் ‘நோட்டாக்’ தாளைக் கேப்டன் ஏன் அவ்வளவு நிதானமாகப் படிக்கிறார் என்பதை இந்த விபத்துகளோடு சேர்த்துச் சொல்லத் தெரிந்தால் உங்கள் பதில் தனித்து நிற்கும்.

படி 5: சேர்ந்த பிறகு

மாலையில் கூரியர் பொட்டலங்கள் சேரும். நள்ளிரவை ஒட்டி விமானங்கள் கிளம்பும். வழியில் ஒரு நகரத்தில் இறக்கி, மாற்றி ஏற்றி, விடியும் நேரத்தில் முடியும். அதிகாலை 2 முதல் 6 வரை உடல் எப்படியும் தூங்கத்தான் பார்க்கும். 2013 ஆகஸ்டில் பொழுது விடியும் முன் அமெரிக்காவின் பர்மிங்ஹாமில் யுபிஎஸ் ஏ300 ஒன்று ஓடுதளத்தை எட்டுமுன் மோதியது; விமானிகளின் களைப்பையும் விசாரணை அறிக்கை காரணங்களில் ஒன்றாகச் சேர்த்தது. பகலில் தூங்க இருட்டறையும், அழைப்பு மணி அடிக்காத வீட்டாரும் அமையாவிட்டால் இந்த வேலை சிரமம்.

கேப்டனாகப் பதவி உயர்வு பெற, சிபிஎல்-க்கு அடுத்த நிலையான ஏடிபிஎல் உரிமம் தேவை. அதற்கு 1500 மணி நேரம். குறுகிய இரவுப் பயணங்களில் மணி நேரம் மெதுவாகவே சேரும். சேர்ந்தாலும் கேப்டன் இருக்கை காலியாக வேண்டுமே? சிறிய நிறுவனத்தில் யாராவது விலகினாலோ 65 வயதில் ஓய்வு பெற்றாலோதான் வரிசை நகரும். ‘அடுத்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை கேப்டன்கள் ஓய்வு பெறுகிறார்கள்?’ என்று கேளுங்கள். தவறாக நினைக்க மாட்டார்கள்.

வேலைப் பாதுகாப்பு பற்றி இரண்டு விதமாகவும் பேச்சு உண்டு, இரண்டும் உண்மை. 2020-இல் பயணிகள் விமானங்கள் தரையில் கிடக்க, சரக்கு விமானங்கள் ஓயாமல் பறந்தன. மூன்றே ஆண்டுகளில் காற்று திசைமாறியது: 2023-இல் ஃபெடெக்ஸ், பிஎஸ்ஏ என்ற பிராந்தியப் பயணிகள் நிறுவனத்துக்குப் போகும் வாய்ப்பைப் பரிசீலிக்கும்படி தன் விமானிகளுக்கே சொன்னது.

இந்தியாவில் நினைத்த மாத்திரத்தில் வேலை மாறவும் முடியாது. 2017-இல் டிஜிசிஏ வகுத்த விதிப்படி துணை விமானி 6 மாதமும் கேப்டன் 12 மாதமும் முன்னறிவிப்புத் தர வேண்டும்.

கடைசியாக ஒரு வேலை, இன்றே செய்யக்கூடியது. உங்கள் மருத்துவச் சான்றிதழ், ஐஆர் (கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான தகுதி), ஆங்கிலத் திறன் சான்று மூன்றின் காலாவதித் தேதிகளையும் ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். இந்த நிறுவனங்கள் ஆள் எடுப்பது அரிது. விளம்பரம் வந்தால் விண்ணப்பிக்கக் கிடைப்பது சில நாட்கள்தான். அந்த நாட்களில் இந்த மூன்றில் ஒன்று காலாவதியாகியிருந்தாலும் உங்கள் விண்ணப்பத்தைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள்.