பணவியல் கொள்கையில் முனைவர் பட்டம்: குமரி மாவட்ட மாணவர்கள் எங்கிருந்து தொடங்கலாம்?

முதுகலைப் பொருளாதாரம் முடித்து, பேரியல் பொருளாதாரத்திலோ பணவியல் கொள்கையிலோ முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்பும் குமரி மாவட்ட மாணவர்கள், நெறியாளரைத் தேடுவதற்கு முன்பே ஆய்வுக் கேள்வியைத் தேட வேண்டும். நம் பகுதியில் வழக்கமாக நடப்பது வேறு. மாவட்டத்தின் பெயரைத் தலைப்பில் வைத்து, சில நூறு பேரிடம் வினாப்பட்டியலை நிரப்பி வாங்கி, விடைகளைச் சதவீத அட்டவணைகளாகத் தொகுத்துவிடுகிறோம். வேறு பல பொருள்களுக்கு அம்முறை பொருந்தலாம். பணவியல் கொள்கைக்குப் பொருந்தாது. ரெப்போ விகிதம், அதாவது வங்கிகளுக்குத் தரும் குறுகிய காலக் கடனுக்கு ரிசர்வ் வங்கி வாங்கும் வட்டி, ஒரே நாளில் நாடு முழுவதற்கும் மாறுவதால், ஒரே மாவட்டத்தில் ஒரே சமயத்தில் திரட்டிய விடைகளைக் கொண்டு, அம்மாற்றம் நிகழாதிருந்தால் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வழியே இல்லை.

அதற்காக ஊரை விட்டுவிட வேண்டியதில்லை. குலசேகரத்திலும் மார்த்தாண்டத்திலும் ரப்பர் விலை சரியும்போது சிறு விவசாயிகள் நகைக்கடனை நாடுகிறார்கள். நகைக்கடனுக்குப் பெரும்பாலும் தவணை முடியும்வரை ஒரே வட்டி. ஆனால் வங்கிகள் புதிதாக வழங்கும் மாறும் வட்டி வீட்டுக்கடன்கள், 2019 அக்டோபர் 1 முதல் ரெப்போ போன்ற வெளி அளவுகோலுடன் இணைக்கப்பட்டுள்ளன. அப்படியானால், 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ விகிதம் 4 சதவீதத்திலிருந்து 6.50 சதவீதத்துக்கு உயர்ந்தபோது, மாறும் வட்டிக் கடன் மிகுந்த மாவட்டங்களில் கடன் வளர்ச்சி மற்ற மாவட்டங்களைவிட அதிகமாகத் தளர்ந்ததா? இது முனைவர் பட்டத்துக்கு உரிய கேள்வி. வணிக வங்கிகளின் வைப்பு, கடன் தொகைகளை மாவட்ட வாரியாக ரிசர்வ் வங்கி காலாண்டுதோறும் வெளியிடுகிறது. அவற்றை அதன் இணையத் தரவுத்தளத்தில் கட்டணமின்றிப் பெறலாம். கூட்டுறவுக் கடன் சங்கங்களும் நகைக்கடன் நிறுவனங்களும் அந்தக் கணக்கில் வருவதில்லை. நம் மாவட்டத்தில் அவற்றின் பங்கு சிறியதல்ல என்பதால், இக்குறையை ஆய்வேட்டில் வெளிப்படையாக எழுத வேண்டும். களப்பணி உண்மையில் தேவைப்படும் இடம் இதுவே.

அடுத்த சிக்கல் காரண காரியம் பற்றியது. பணவீக்கம் உயரப்போகிறது என்று கருதித்தான் ரிசர்வ் வங்கி வட்டியை உயர்த்துகிறது. ஆகவே இரண்டையும் நேராக ஒப்பிட்டால், வட்டி உயர்வே விலையை ஏற்றியது போன்ற தோற்றம் கிடைக்கும். பொருளியலாளர் கிறிஸ்டோபர் சிம்ஸ் 1992இல் இந்தப் புதிரை எடுத்துக்காட்டினார். இதைத் தவிர்க்க, சந்தை எதிர்பாராத மாற்றத்தை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். கொள்கை அறிவிப்பை ஒட்டி, குறுகிய கால வட்டி பற்றிய சந்தையின் எதிர்பார்ப்பைக் காட்டும் ஓவர்நைட் இன்டெக்ஸ் ஸ்வாப் விகிதம் எவ்வளவு நகர்ந்தது என்பது அதற்கு ஓர் அளவுகோல். அந்த எதிர்பாராத மாற்றத்தின் விளைவு காலாண்டுதோறும் எப்படிப் பரவுகிறது என்பதைக் கணிக்க, பொருளியலாளர் ஜோர்டா 2005இல் முன்வைத்த ‘லோக்கல் புரொஜெக்ஷன்’ முறை தொடக்கநிலை ஆய்வாளருக்கும் கைவரக்கூடியது.

இதற்குக் காலத் தொடர்ப் பகுப்பாய்வும் ஆர் அல்லது பைதான் மென்பொருளும் தெரிந்திருக்க வேண்டும். வெளியான ஒரு கட்டுரையின் முடிவை அதே தரவைக் கொண்டு நீங்களே மீண்டும் பெற்றுப் பார்ப்பதைவிடச் சிறந்த பயிற்சி எனக்குத் தெரியவில்லை. ரெப்போ விகிதத்தை முடிவு செய்யும், ஆறு பேர் கொண்ட பணவியல் கொள்கைக் குழுவின் கூட்டக் குறிப்புகளையும் தவறாமல் படியுங்கள்; ஒவ்வொரு கூட்டத்துக்கும் பதினான்கு நாள் கழித்து அவை வெளியாகின்றன. 4 சதவீதப் பணவீக்க இலக்கை உறுப்பினர்கள் எப்படி வெவ்வேறாகப் பொருள் கொள்கிறார்கள் என்பதை வேறெங்கும் இவ்வளவு தெளிவாகக் காண முடியாது.

சேர்க்கைக்கு நெட் தேர்வு மதிப்பெண் இப்போது முக்கியம். இளநிலை ஆய்வு உதவித்தொகையும் கிடைத்தால் பணக்கவலை குறையும். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள நாகர்கோவில் கல்லூரிகள் அருகில் உள்ளன. திருவனந்தபுரத்தில் கே. என். ராஜ் தோற்றுவித்த வளர்ச்சி ஆய்வு மையமும் தொலைவில் இல்லை. மும்பையில் ரிசர்வ் வங்கி 1987இல் நிறுவிய இந்திரா காந்தி வளர்ச்சி ஆய்வு நிறுவனம் இத்துறைக்கு மிகப் பொருத்தமானது. ஆனால் அங்கே கணிதப் பயிற்சி கடுமையாகச் சோதிக்கப்படும். எங்கே விண்ணப்பித்தாலும், நெறியாளர் காலத் தொடர்த் தரவுகளைக் கொண்டு கட்டுரை எழுதியவரா என்று முதலில் பாருங்கள். பிறகு கேள்வி, தரவு, ஒப்பீட்டு முறை ஆகிய மூன்றையும் இரண்டு பக்கங்களில் எழுதி அவருக்கு அனுப்புங்கள்.