தினச் செலவுக் கணக்கு ஏன் பத்தாம் தேதியோடு நின்றுபோகிறது?

ஒன்றாம் தேதி புது நோட்டு, பத்தாம் தேதிக்கு மேல் வெற்றுப் பக்கங்கள். செலவுக் கணக்கு எழுத முயன்ற பல வீடுகளில் இப்படி ஒரு நோட்டு இருக்கும். சோம்பல்தான் காரணம் என்று தங்களையே திட்டிக்கொள்பவர்கள் அதிகம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கணக்கு எழுதும் முறையில் நாம் செய்யும் சில தவறுகள், இரண்டு நிமிட வேலையைப் பெரும் பாரமாக ஆக்கிவிடுகின்றன.

சில்லறைச் செலவைப் பற்றித்தான் சொல்கிறேன். வீட்டு வாடகையும் ஸ்கூல் ஃபீஸும் யாருக்கும் மறப்பதில்லை. டீ, பூ, கீரைக்கட்டு, ஷேர் ஆட்டோ, ஜெராக்ஸ், பிள்ளைக்கு அவசரமாக வாங்கிய சார்ட் பேப்பர், இஸ்திரிக்காரருக்குக் கொடுத்தது என்று போகிறதே, மாதக் கடைசியில் "பணம் எங்கே போச்சு?" என்று கேட்க வைப்பது இவைதான்.

"எல்லாம் ஜிபேயில்தானே போகுது, கணக்கு அதிலேயே இருக்கும்" என்ற நினைப்புதான் இன்று நடக்கும் தவறுகளில் பெரியது. 2016-ல் யு.பி.ஐ. வந்தது. இன்று பூக்கூடையிலும் இளநீர் வண்டியிலும் க்யூ.ஆர். அட்டை தொங்குகிறது. போனைத் திறந்தால் ஒவ்வொரு பரிமாற்றமும் நேரத்தோடு வரிசையாக நிற்கிறது. ஆனால் அந்தப் பட்டியலைப் பதினைந்து நாள் கழித்து நிதானமாகப் படித்துப் பாருங்கள். கடையின் போர்டில் ஒரு பெயர் இருக்கும். போனில் வருவது வங்கிக் கணக்கு யார் பேரில் இருக்கிறதோ அவர் பெயர். டீக்கடைக்காரர் தன் மகன் கணக்கில் பணம் வாங்கினால் மகன் பெயர்தான் வரும். 45 ரூபாய், ஒரு முழுப் பெயர், ஒரு 12 இலக்க எண். யார் இவர், எதற்குக் கொடுத்தோம் என்று நினைவே வராது. தெரிந்த மளிகைக் கடைப் பெயரே வந்தாலும் சிக்கல் தீராது. 340 ரூபாய் என்று ஒற்றை எண் நிற்கும். அதில் துவரம்பருப்பு எவ்வளவு, கூடவே எடுத்த சிப்ஸும் கூல்டிரிங்ஸும் எவ்வளவு என்பது அதில் கிடையாது. யாருக்கு, எவ்வளவு, எப்போது என்ற மூன்றையும் போன் சொல்லிவிடும். எதற்கு என்பதை நாம்தான் சொல்ல வேண்டும், கணக்கின் உயிரே அந்த நான்காவது விஷயம்தான்.

இதற்கு வழி அந்தத் திரையிலேயே இருக்கிறது. தொகை அடிக்கும் இடத்துக்குக் கீழே ஒரு குறிப்பு எழுதும் கட்டம் பெரும்பாலான ஆப்களில் உண்டு. பலர் அதை ஒருநாளும் தொட்டதே இல்லை. பின் நம்பர் போடுவதற்கு முன் அதில் 'டீ', 'பூ', 'ஆட்டோ' என்று ஒரு சொல் அடித்துவிடுங்கள். மாதக் கடைசியில் அந்தப் பட்டியலைப் படிக்கும்போது அதன் அருமை தெரியும். மளிகைக் கடையில் கலந்து வாங்கினால் 'மளிகை 260 தீனி 80' என்று அடித்தாலே போதும்.

யு.பி.ஐ. லைட் பயன்படுத்துபவர்கள் இன்னும் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். 2022 செப்டம்பரில் வந்த வசதி அது. முதலில் ஒரு தொகையை அதில் ஏற்றிக்கொள்கிறோம். அப்புறம் சின்னச் சின்னத் தொகைகள் பின் நம்பர் கேட்காமலே போகின்றன. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் பாஸ்புக்கில் விழுவது பணம் ஏற்றிய ஒரு வரி மட்டும்தான். ஏற்றியது 2,000 ரூபாய் என்றால் அது எத்தனை டீயாக, எத்தனை பிஸ்கட் பாக்கெட்டாகக் கரைந்தது என்பது வங்கி ஸ்டேட்மென்ட்டில் இருக்காது, ஆப்புக்குள் மட்டும்தான் இருக்கும். போதாததற்குச் சில வங்கிகள் 100 ரூபாய்க்குக் குறைவான யு.பி.ஐ. செலவுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்புவதையும் நிறுத்திவிட்டன. எந்தச் செலவைப் பிடிக்க வேண்டும் என்று கணக்கு எழுதுகிறோமோ, அதுவே வலைக்கு வெளியே போய்விடுகிறது. பாஸ்புக்கை வைத்து மாதக் கணக்குப் பார்ப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

ரொக்கத்தில் நடக்கும் தவறு வேறு மாதிரி. ஏ.டி.எம்.மில் 2,000 எடுத்ததும் 'செலவு 2,000' என்று எழுதிவிடுகிறார்கள். பணம் வங்கியிலிருந்து சட்டைப் பைக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான், இன்னும் செலவாகவில்லை. அதைச் செலவு என்று எழுதியபின் அந்த ரூபாயை எதற்குக் கொடுத்தோம் என்று எழுத யாருக்கும் மனம் வராது. கிரெடிட் கார்டில் இது தலைகீழாக நடக்கும். பொருள் வாங்கிய அன்று ஒரு தடவை, பில் கட்டிய அன்று இன்னொரு தடவை என்று ஒரே செலவு இரண்டு முறை ஏறிவிடும். வாங்கிய அன்று எழுதுங்கள், பில் கட்டும்போது விட்டுவிடுங்கள்.

இதே குழப்பம் அண்ணாச்சிக் கடைப் பற்று நோட்டிலும் வரும். மாதம் முழுக்கக் கணக்கில் எழுதி வாங்கிவிட்டு, சம்பளம் வந்ததும் மொத்தமாகக் கொடுக்கிறோம். கொடுத்த அன்று 4,200 என்று ஒரே வரி எழுதினால், போன மாதத்துச் சாப்பாடு இந்த மாதச் செலவாகிவிடும். அண்ணாச்சி நோட்டு மளிகையைப் பொறுத்தவரை உங்கள் போனைவிட நல்ல கணக்கு; பொருளும் விலையும் தேதியோடு அதில் இருக்கிறது. வாரம் ஒரு முறை அந்த நோட்டைப் பார்த்து உங்கள் கணக்கில் ஏற்றிக்கொண்டால் போதும், தனியாக எழுத வேண்டியதில்லை.

தண்டல் வாங்கியவர்கள் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருப்பதைப் பார்க்கலாம். 10,000 என்று பேசி 9,000 கையில் வாங்கியிருப்பார்கள், நூறு நாளைக்குத் தினம் 100 கட்டுவார்கள். தினம் கட்டும் 100 மட்டும் டீக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் ஒரு சில்லறைச் செலவு போல எழுதப்படும். முதலிலேயே பிடித்துக்கொண்ட 1,000 எந்தப் பக்கத்திலும் வராது. அந்த ஆயிரம்தான் வட்டி. கடன் வாங்கிய அன்றே 'வட்டி 1,000' என்று பெரிதாக எழுதி வைக்க வேண்டும். தினம் கட்டுவதைச் செலவோடு கலக்காமல் கடைசிப் பக்கத்தில் தனியாக எழுதுங்கள். கஷ்டப்பட்டு உழைப்பவர்கள் தங்கள் பணத்துக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று தெரியாமலே இருப்பது மனதை வருத்துகிற விஷயம்.

அடுத்து, அளவுக்கு மீறிய நுணுக்கம். காய்கறி தனி, கீரை தனி, பழம் தனி, பால் தனி, தயிர் தனி என்று இருபது தலைப்புப் போட்டுக்கொண்டு ஆரம்பிப்பார்கள். கறிவேப்பிலைக்கு எந்தத் தலைப்பு என்று யோசிக்கும் நிலை வந்ததுமே நோட்டு மூடப்படும். ஐந்து தலைப்பு போதும்: வீட்டுச் சாப்பாடு, வெளிச் சாப்பாடு, போக்குவரத்து, பிள்ளைகள், மற்றவை. மருந்துச் செலவு அதிகமுள்ள வீடாக இருந்தால் அதற்கு ஒன்று சேர்த்துக்கொள்ளலாம். வீட்டுச் சாப்பாட்டையும் வெளிச் சாப்பாட்டையும் மட்டும் எக்காரணத்துக்காகவும் ஒன்றாக்க வேண்டாம். 'சாப்பாடு' என்று ஒரே தலைப்பில் போட்டால் அரிசியும் பிரியாணியும் கலந்து, எது ஏறுகிறது என்றே தெரியாமல் போகும். ஆன்லைனில் வரவழைக்கும் சாப்பாட்டுக்கு மெனுவில் போட்ட விலையை எழுதாமல், டெலிவரி, பேக்கிங், ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்ந்து கடைசியில் கட்டிய தொகையை எழுத வேண்டும்.

நுணுக்கத்தின் இன்னொரு முகம், கணக்கு ஒரு ரூபாய் பிசகாமல் நேராக வேண்டும் என்ற பிடிவாதம். வராது. கடைக்காரர் சில்லறைக்குப் பதில் கொடுத்த மிட்டாயும், கோயில் வாசலில் போட்ட பத்து ரூபாயும் மறந்துதான் போகும். ஞாயிற்றுக்கிழமை கையிருப்பை எண்ணுங்கள். நோட்டுப்படி 820 இருக்க வேண்டும், பர்ஸில் இருப்பது 745 என்றால் 'மறந்தது 75' என்று ஒரு வரி எழுதி, 745-லிருந்து புது வாரத்தை ஆரம்பியுங்கள். அந்த 75 எங்கே போனது என்று உட்கார்ந்து தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். மறந்த தொகை வாரா வாரம் ஏறிக்கொண்டே போனால்தான் கவலைப்பட வேண்டும். உடனுக்குடன் எழுதுவது குறைந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். ஒரு வாரம் முழுக்க விட்டுப்போனாலும் இப்படித்தான்: மொத்த வித்தியாசத்தையும் ஒரே வரியாகப் போட்டுவிட்டு மேலே போய்விடலாம். பின்னோக்கி நிரப்ப உட்காருபவர்கள்தான் அதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

எந்த நாளில் கணக்கை ஆரம்பிப்பது என்பதிலும் தவறு நடக்கிறது. எல்லாரும் ஒன்றாம் தேதி என்று வைத்துக்கொள்கிறார்கள். சம்பளம் ஏழாம் தேதி வரும் வீட்டுக்கு மாதம் ஏழிலிருந்துதான் தொடங்குகிறது. திருப்பூர் பனியன் கம்பெனிகளைப் போலச் சனிக்கிழமை சம்பளம் வாங்கும் இடங்களில் மாதக் கணக்கு சரிப்பட்டு வராது, சனிக்கு சனி பார்க்க வேண்டும். கையில் காசு வரும் நாள் எதுவோ அதுதான் கணக்கின் முதல் நாள்.

மாதத்தோடு ஒத்துப்போகாத செலவுகளும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருகிறது. பில் வராத மாதம் மிச்சமானது போலத் தோன்றும், அந்த மிச்சத்தை நம்பிச் செலவு செய்துவிடுவோம். பாதித் தொகையை ஒவ்வொரு மாதமும் எழுதி ஒதுக்கிவிட்டால் இந்த மயக்கம் இருக்காது. போன் ரீசார்ஜ் இன்னும் நைசாக ஏமாற்றும். 28 நாள் பேக் போட்டால் வருஷத்துக்குப் பன்னிரண்டு முறை இல்லை, பதின்மூன்று முறை போட வேண்டி வரும். நாலு போன் இருக்கும் வீட்டில் அது நாலு கூடுதல் ரீசார்ஜ். போன் கம்பெனிகள் குறைந்தது ஒரு 30 நாள் பேக்காவது வைத்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022-ல் உத்தரவிட்டது. 28 நாள், 30 நாள் பேக் இரண்டையும் ஒரு நாள் விலைக்கு வகுத்துப் பார்த்துப் போடுங்கள். ஓ.டி.டி. சந்தா போன்றவை ஆட்டோபேயில் தானாகவே கழியும், நாம் கை வைக்காததால் எழுதவும் தோன்றாது. ஆப்பில் ஆட்டோபே என்ற பகுதியைத் திறந்து எவையெல்லாம் ஓடுகின்றன என்று பார்த்து, பார்க்காதவற்றை அங்கேயே நிறுத்திவிடலாம்.

இப்போது, பல வீடுகளில் கணக்கையே கொன்றுவிடும் தவறுக்கு வருகிறேன். ஒருவர் எழுதுவார், மற்றவர்களிடம் விசாரணை நடக்கும். "நேத்து எழுபது ரூபா எதுக்கு?" என்று ஒரு முறை சூடாகக் கேட்டுவிட்டால், அடுத்த முறை அந்த எழுபது சொல்லப்படாது. மனைவி கடுகு டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுப்பார், கணவர் "ஆபீஸ் செலவு" என்பார், பிள்ளை "நோட்டு வாங்கினேன்" என்பான். கணக்கு எழுதத் தொடங்கிய வீட்டில் பொய் கூடிவிடும். இதைத் தடுக்க ஒரே வழி, கேள்வி கேட்காத பணம் என்று ஒன்றை ஒவ்வொருவருக்கும் ஒதுக்குவதுதான். மாதம் 500-ஓ 1,000-மோ, வீட்டு வசதிக்கு ஏற்ப. அதை 'அம்மா 500', 'அப்பா 500' என்று ஒரே வரியாக எழுதிவிட வேண்டும், உள்ளே என்ன என்று கேட்கக் கூடாது. சம்பாதிக்காதவர்களுக்கும் இது கட்டாயம் உண்டு. முக்கியமாக, வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு. வெற்றிலைக்கும் பேரன் சாக்லேட்டுக்கும் மகனிடம் கை நீட்டி, அது நோட்டில் வேறு ஏறுவதைப் பார்ப்பது அவர்களுக்கு எவ்வளவு சங்கடம்!

இதோடு சேர்ந்த இன்னொன்று, டீயைக் குற்றவாளியாக்குவது. ஒரு டீ 15 ரூபாய், நாளைக்கு இரண்டு, மாதம் 900, வருஷம் 10,800, அதை முப்பது வருஷம் முதலீடு செய்தால் என்று பெருக்கிக் காட்டும் வீடியோக்கள் நிறைய வருகின்றன. பெருக்கல் சரிதான். ஆனால் எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்பவருக்கு அந்த டீதான் பத்து நிமிட ஓய்வு, நாலு பேரோடு பேசும் நேரம். எழுதியபின் 900 என்று தெரிந்துகொண்டு, தெரிந்தே தொடர்ந்து குடிப்பதில் தப்பே கிடையாது. கணக்கில் முதலில் தேட வேண்டியவை நமக்கு எந்தச் சந்தோஷமும் தராமல் போனவை: டெலிவரி கட்டணம் 30 ரூபாயை மிச்சப்படுத்த 90 ரூபாய்க்குச் சேர்த்த பொருள், பஸ்ஸைத் தவறவிட்டதால் பிடித்த ஆட்டோ, இலவச எண்ணிக்கையைத் தாண்டி ஏ.டி.எம்.மில் எடுத்ததற்குப் பிடித்த கட்டணம். இவற்றைக் குறைத்தால் யார் மனமும் நோகாது.

ஆப்பில் எழுதலாமா, நோட்டில் எழுதலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கைக்கு எது சீக்கிரம் வருகிறதோ அது. ஆனால் எஸ்.எம்.எஸ்.களைத் தானே படித்துக் கணக்குப் போடும் ஆப் என்றால் யோசித்து அனுமதி கொடுங்கள். வங்கி மெசேஜைப் படிக்கும் ஆப் ஓ.டி.பி.யையும் படிக்கும். செலவுக் கணக்கு என்று சொல்லி உள்ளே கடன் கொடுக்கிறேன் என்று வந்தால் உடனே நீக்கிவிடுவது நல்லது. உங்கள் காண்டாக்ட் பட்டியலைக் கடன் ஆப்கள் எடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியே 2022-ல் விதித்திருக்கிறது. ஆப்பில் எழுதினால் மாதம் ஒரு முறை கணக்கை இறக்கி மெயிலுக்கு அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள், போன் தொலைந்தால் கணக்கும் தொலையாமல் இருக்கும்.

எல்லாவற்றையும் காலத்துக்கும் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதும் கிடையாது. மூன்று மாதம் எழுதினால் பால், பேப்பர், இஸ்திரி போன்றவை ஏறாமல் இறங்காமல் ஒரே தொகையில் நிற்பது தெரிந்துவிடும். அவற்றை மாதத்துக்கு ஒரு வரியாக்கிவிட்டு, ஏறி இறங்கும் இரண்டு தலைப்புகளை மட்டும் தினமும் எழுதலாம். பெரும்பாலான வீடுகளில் அவை வெளிச் சாப்பாடும் 'மற்றவை'யும்தான். பண்டிகை மாதத்திலும், கல்யாண சீசனில் மொய் வரிசையாக வரும் மாதத்திலும், பள்ளி திறக்கும் ஜூனிலும் மறுபடி முழுக் கணக்கு எழுதிப் பாருங்கள். அடுத்த வருஷம் அதே மாதம் வரும்போது எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும் என்பதற்கு அந்தப் பக்கங்கள் உதவும்.