எட்டே டிராக்கில் ஒரு பாட்டு: இருவர் சேர்ந்து சிங்கிள் பதிவுசெய்து வெளியிடுவது எப்படி?

நானும் என் மாமா மகனும் சேர்ந்து செய்த முதல் பாட்டில் 47 டிராக் (தனித்தனியாகப் பதிவாகும் ஒலி அடுக்கு) இருந்தது. இரண்டாவது சரணத்துக்கு மட்டும் ஆறு கிடார். அந்தப் பாட்டு இன்றுவரை வெளிவரவில்லை. அடுத்த பாட்டுக்கு உட்காரும் முன் ஒரு விதி வைத்தோம்: மொத்தம் எட்டு டிராக், அதற்கு மேல் ஒன்றுகூடக் கிடையாது. மூன்று வாரத்தில் பாட்டு முடிந்தது.

எட்டு என்பது சும்மா பிடித்த எண் இல்லை. அன்னி லெனாக்ஸ், டேவ் ஸ்டூவர்ட் இருவரும் சேர்ந்த பிரிட்டிஷ் பாப் குழு யூரித்மிக்ஸின் முதல் ஆல்பம் 1981இல் வந்து எடுபடாமல் போனது. அப்புறம் வங்கியில் கடன் வாங்கிக் கருவிகள் வாங்கினார்கள். லண்டன் சாக் ஃபார்மில் படங்களுக்குச் சட்டம் போடும் பட்டறைக்கு மேலே ஓர் இடம். அங்கே ஓர் எட்டு டிராக் டேப் ரெக்கார்டரில் பதிவானதுதான் ‘ஸ்வீட் ட்ரீம்ஸ்’. 1983 ஜனவரியில் சிங்கிளாக (தனிப் பாட்டாக) வந்து பிரிட்டனில் இரண்டாம் இடம், அந்தச் செப்டம்பரில் அமெரிக்காவில் முதலிடம். அவர்களிடம் இருந்ததே எட்டு டிராக்தான். நம் மென்பொருளில் கணக்கே இல்லை, அதனால் வேலியை நாமே போட்டுக்கொள்ள வேண்டும்.

படி 1: முதலில் காகிதம்

ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் உண்டு. வரியும் மெட்டும் ஒன்று, பதிவான ஒலி இன்னொன்று. இரண்டிலும் யாருக்கு எத்தனை சதவீதம் என்று பதிவுக்கு முன்பே எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ‘நமக்குள்ள என்னடா கணக்கு’ என்று ஒருவர் சொல்வார். அவர் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள்.

படி 2: சாமான்கள்

ஒரு லேப்டாப், மைக்கையும் கருவியையும் லேப்டாப்போடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் (இரண்டு இன்புட் உள்ளது), ஒரு மைக், காதை மூடும் ஹெட்போன் இரண்டு. தெருச் சத்தம் அதிகம் என்றால் சின்னச் சத்தத்தையும் பிடிக்கும் கண்டென்சர் மைக் வேண்டாம், டைனமிக் மைக் வாங்குங்கள். பதிவு மென்பொருளுக்கு பேண்ட்லேப் இலவசம், ரீப்பர் விலை குறைவு. எது நல்லது என்று ஒரு வாரம் வீடியோ பார்க்க வேண்டாம்.

படி 3: அறை

பணம் செலவில்லாமல் பாட்டின் தரம் கூடும் இடம் இதுதான். அறை நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். ‘டண்’ என்று எதிரொலித்தால் சுவர் வெறுமையாக இருக்கிறது. துணி நிறைந்த பீரோவின் கதவைத் திறந்து வையுங்கள், பாடுபவருக்குப் பின்னால் கொடியில் ஜமுக்காளத்தைத் தொங்கவிடுங்கள், தரையில் பாய் விரியுங்கள். மறுபடி தட்டிப் பாருங்கள்.

அடுத்து, யாரும் பேசாமல் 30 விநாடி பதிவுசெய்து ஒலியைக் கூட்டிக் கேளுங்கள். ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், பக்கத்து வீட்டு மோட்டார் எல்லாம் வரிசையாக ஆஜராகும். ஃபேனை நிறுத்தியே ஆக வேண்டும். கோடையில் பத்து நிமிடத்துக்கு மேல் தாங்காது என்பதால் எல்லாவற்றையும் தயாராக வைத்துவிட்டுக் கடைசியில் நிறுத்துங்கள். நாங்கள் இரவு 11 மணிக்கு மேல்தான் குரல் எடுப்போம்.

படி 4: எட்டையும் பங்கு போடுதல்

எங்கள் பங்கீடு இது. முதல் டிராக் டிரம், அடுத்தது பேஸ், மூன்றும் நான்கும் கீபோர்டும் கிடாரும், ஐந்தும் ஆறும் இருவர் குரல், ஏழு பல்லவியில் மட்டும் வரும் துணைக்குரல். எட்டாவதைக் காலியாக விடுங்கள், அது குறும்புக்கு.

‘ஸ்வீட் ட்ரீம்ஸ்’ பதிவில் பால் பாட்டில்களில் வெவ்வேறு அளவு தண்ணீர் ஊற்றிச் சுருதி சேர்த்துத் தட்டியிருக்கிறார்கள். நம் ஜலதரங்கக் கதைதான்! நாங்கள் இரண்டு எவர்சில்வர் டம்ளரை எடுத்தோம். தண்ணீர் ஏற ஏறச் சுருதி தணியும். ஸ்பூன் கொண்டு சொட்டுச் சொட்டாக ஊற்றிச் சுருதிக்குக் கொண்டுவர அரை மணி நேரம் ஆனது. பாட்டைக் கேட்டவர்கள் எல்லாரும் முதலில் விசாரித்தது அதைத்தான்.

படி 5: அடித்தளம்

மென்பொருளில் பதிவின் தரத்தை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்று வையுங்கள். பாட்டின் வேகத்தை முடிவுசெய்து கிளிக் (தாளம் காட்டும் ‘டிக் டிக்’ ஒலி) போடுங்கள். ஒருவர் சும்மா வழிகாட்டிக் குரல் பாட, மேலே டிரம், பேஸ், கீபோர்டு என்று ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். நிஜக் குரல் வந்ததும் வழிகாட்டியை அழித்துவிடலாம்.

படி 6: குரல்

மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண். முன்னால் பாப் ஃபில்டர் (வாய்க்காற்றைத் தடுக்கும் வலைத் திரை). ‘பப்படம், பம்பரம்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘ப’ வரும்போது ‘தொப்’ என்று காற்று அடித்தால் மைக்கைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்புங்கள். உரக்கப் பாடும் இடத்திலும் மீட்டர் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக் கூடாது. சிவப்பு எரிந்த பதிவைப் பின்னால் யாராலும் சரிசெய்ய முடியாது.

ஒவ்வொருவரும் பாட்டை முழுதாக மூன்று முறை பாடுங்கள். நான்காவது வேண்டாம். மூன்றிலிருந்தும் வரிவரியாக நல்லதை எடுத்து ஒன்றாக ஒட்டுங்கள்.

இருவர் சேர்ந்து பாடும் வரியில் மாட்டிக்கொள்ளும் இடம் சொல்லின் முடிவு. ‘வந்தாள்’ என்பதில் ஒருவர் ‘ள்’ளைச் சற்று முன்னாலும் மற்றவர் பின்னாலும் முடித்தால் நாக்கு இரண்டு முறை தட்டுவது தெரியும். எங்களுக்கு இது பிடிபட ஒரு ராத்திரி ஆனது. வழி எளிது: முக்கியக் குரல் மட்டும் மெய்யெழுத்தைத் தெளிவாக முடிக்கட்டும், துணைக்குரல் ‘வந்தா’ என்று விட்டுவிடட்டும். சேர்த்துக் கேட்டால் குறையே தெரியாது.

படி 7: மிக்ஸிங் (டிராக்குகளை அளவாகச் சேர்த்தல்)

குரல்களில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், அங்கே உறுமல்தான் இருக்கும். டிரம், பேஸ், முக்கியக் குரல் நடுவில். கீபோர்டு கொஞ்சம் இடது, கிடார் கொஞ்சம் வலது. ரிவெர்ப் (அறை எதிரொலி போன்ற விளைவு) போதும் என்று தோன்றும் அளவில் பாதி வையுங்கள்.

இருவர் குழுவில் சண்டை வரும் இடம் குரலின் அளவு. எங்கள் வழக்கம்: அவனவன் குரலை அவனவன் தொடக் கூடாது. என் குரலை அவன் வைப்பான், அவன் குரலை நான். பிறகு போன் ஸ்பீக்கரில் மெல்லிய ஒலியில் கேளுங்கள். வரிகள் புரிந்தால் சரி.

படி 8: மாஸ்டரிங் (வெளியீட்டுக்கான கடைசி மெருகு)

ஸ்பாட்டிஃபை பாட்டுகளைச் சுமார் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் உரப்பின் அலகு) அளவுக்குச் சமப்படுத்துகிறது. நசுக்கி நசுக்கிச் சத்தம் ஏற்றினால் அங்கே குறைத்துவிடுவார்கள், நசுங்கல் மட்டும் மிஞ்சும். உச்சத்தை மைனஸ் 1 டெசிபலில் நிறுத்தி வேவ் கோப்பாக எடுங்கள்.

படி 9: வெளியீடு

பாட்டை ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகளுக்கு அனுப்பும் டிஸ்ட்ரோகிட், ட்யூன்கோர் போன்ற விநியோகத் தளம் ஒன்றில் கோப்பையும் 3000க்கு 3000 பிக்சல் அட்டைப்படத்தையும் ஏற்றுங்கள். ஒவ்வொரு பதிவையும் அடையாளம் காட்டும் 12 எழுத்து ஐஎஸ்ஆர்சி எண்ணைப் பொதுவாக அவர்களே தருவார்கள். 2015 ஜூலையிலிருந்து உலகெங்கும் புதிய இசை வெளியாகும் நாள் வெள்ளிக்கிழமை. நான்கு வாரம் தள்ளி ஒரு வெள்ளியைக் குறியுங்கள். ஸ்பாட்டிஃபை பட்டியல்களுக்குப் பரிந்துரைக்க வெளியீட்டுக்கு ஏழு நாள் முன்பாவது விண்ணப்பிக்க வேண்டும். வரியும் மெட்டும் உங்களுடையது என்றால், பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் அமைப்பில் உறுப்பினராகுங்கள்.

குழுவின் பெயரை எல்லா இடத்திலும் ஒரே எழுத்தில் எழுதுங்கள். ஒரு விண்ணப்பத்தில் நான் ஓர் எழுத்தைக் கூட்டிப் போட்டதில் எங்கள் பாட்டு முன்பின் தெரியாத ஒருவரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. மீட்க 19 நாள்.

படி 10: கையால் கொடுப்பது

கோரஸ் (பல்லவி) இல்லாத பாட்டு என்று அமெரிக்க இசை நிறுவனம் ‘ஸ்வீட் ட்ரீம்ஸை’ சிங்கிளாக விடத் தயங்கியது. கிளீவ்லாந்தில் ஒரு வானொலித் தொகுப்பாளர் ஆல்பத்திலிருந்தே அதை ஒலிபரப்ப, கேட்டவர்கள் போன் மேல் போன் போட்டார்கள். நமக்கும் அப்படி ஒருவர் போதும். சமுதாய வானொலி, கல்லூரி விழாக்குழு, நடனப் பள்ளி என்று நேரில் போய்க் கொடுங்கள்.

எங்களுக்கு வாய்த்தது தெருமுனை ஜிம் மாஸ்டர். ‘தம்பி, முன்னாடி வர்ற டம்ளர் சத்தத்தை எடுத்துட்டு நேரா டிரம்ல ஆரம்பிச்சுக் குடு’ என்றார். எட்டாவது டிராக்கை மூடி, முதல் 12 விநாடியை வெட்டி, அங்கேயே டிரெட்மில் மேல் லேப்டாப்பை வைத்து ஐந்து நிமிடத்தில் கொடுத்தோம்.