ரோம்ல கைடு இல்லாம, காதுல ஆடியோ போட்டுட்டு சுத்துறது எப்படி

ரோம் போறவங்க கைடுக்குன்னு காச கொட்டணும்னு இல்ல. ரிக் ஸ்டீவ்ஸ் ஆடியோ யூரோப்னு ஒரு ஆப் இருக்கு, ஃப்ரீதான், அதுல ரோமுக்குன்னே தனித்தனியா டூர் இருக்கு, ரூம் வைஃபைல இருக்கப்பவே டவுன்லோட் பண்ணி, ஏரோப்ளேன் மோடுல ஒருதடவ ஓடுதான்னு பாத்துருங்க. ரிக் ஸ்டீவ்ஸ்ங்கிறவரு அமெரிக்க டிராவல் எழுத்தாளர், இங்கிலீஷ்லதான் பேசுவாரு, முதல்நாள் ராத்திரி படுத்துட்டே கேட்டு வச்சா மறுநாள் ஈசி.

ஒயர் வச்ச சாதா இயர்போனே போதும், அதுல இருக்க பட்டன்லயே நிறுத்தி ஓட்டிக்கலாம். போனை கைல புடிச்சுட்டே திரிஞ்சா பிக்பாக்கெட்காரனுக்கு கொண்டாட்டம். ஒரு காதுல மட்டும் மாட்டுங்க, கல்லு பதிச்ச சந்துக்குள்ள ஸ்கூட்டர் சர்ருனு வந்துரும்.

முக்கியமா, நடந்துகிட்டே கேக்காதீங்க, இடத்துக்கு போய் நின்னப்புறம் ப்ளே பண்ணுங்க, ரெண்டு வரி கேட்டுட்டு நிறுத்திட்டு கண்ணால தேடுங்க. பியாஸா நவோனாங்கிற பெரிய சதுக்கத்துல, பெர்னினிங்கிற சிற்பி செஞ்ச நாலு நதி ஃபவுண்டன் இருக்கு, 1651ல முடிச்சது. நாலு பக்கமும் நாலு ஆளு சிலை, ஆளுக்கொரு நதி, அதுல நம்ம கங்கையும் உண்டு, தாடி வச்ச ஆம்பளையா கைல துடுப்போட! (கங்கையம்மான்னு கும்புடுற நமக்கு சிரிப்பு வரும்.) நைல் மூஞ்சிய துணியால மூடிட்டு இருக்கும், அது எங்க உற்பத்தியாகுதுன்னு அப்போ ஐரோப்பாக்காரங்களுக்கு தெரியாது. ஒரே இடத்துல நின்னா நாலும் தெரியாது, பாஸ் பண்ணிட்டு முழுசா ஒரு சுத்து வாங்க.

அங்கருந்து பாந்தியன்ங்கிற பழைய ரோமானிய கோயில் பொடிநடை தூரம். 2023லருந்து டிக்கெட் வாங்குறாங்க. உள்ள இப்பவும் சர்ச்சுதான், அதனால ஸ்பீக்கர்ல போடுறதெல்லாம் வேணாம். 43 மீட்டர் உசர டோம், நடு உச்சில பெரிய ஓட்டை, மூடியே கிடையாது, மழை பெஞ்சா உள்ளயே ஊத்தும், தண்ணி வடிய தரைல குட்டி குட்டி ஓட்டை போட்டிருக்காங்க, மேலயே பாக்காம அதையும் குனிஞ்சு தேடுங்க.

ட்ரெவி ஃபவுண்டன்ல பகல்ல இருக்க கூட்டத்துக்கு ஆடியோ ஒண்ணும் காதுல ஏறாது, அதை மட்டும் விடிகாலைல தனியா போய் கேளுங்க. பவர்பேங்க், காலி பாட்டில் ரெண்டும் பைல இருக்கட்டும், ரோட்டோரமா நசோனினு இரும்பு குழாய் நிறைய இருக்கு, குடிக்கிற தண்ணிதான், சும்மாவே புடிச்சுக்கலாம்.