பெயரைத் தேடாதீர்கள், தாளைப் புரட்டுங்கள்

அமெரிக்காவின் அலபாமா, மிசிசிப்பி பக்கம் ஒரு சின்ன ஊரின் பழங்கதைகளைச் சேகரிப்பவர் என்றால், 1950 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆள் பெயரைப் போட்டுத் தேடாமல், கவுண்டியை (நம்மூர் மாவட்டம் மாதிரி) தேர்ந்தெடுத்து அந்த ஊரின் தாள்களை வரிசையாகப் புரட்டுங்கள். அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் 2022 ஏப்ரல் முதல் இலவசமாகவே கிடைக்கிறது. கணக்கெடுப்பாளர் வீடு வீடாகப் போய் எழுதியதால் அடுத்தடுத்த வரிகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் அக்கம்பக்கத்துக்காரர்கள்தான், அப்புறம் காதில் விழுந்தபடி தப்பும் தவறுமாக எழுதிய பெயர்கள் தேடலில் சிக்காவிட்டாலும் இதில் சிக்கிவிடும். அதை அச்செடுத்து ஊரின் மூத்த பாட்டியிடம் வரிவரியாக வாசியுங்கள். 'பழைய கதை சொல்லுங்க' என்றால் யோசிப்பவர், 'ரெண்டு வீடு தள்ளி ஒரு தையல்காரம்மா இருந்தாங்களாமே' என்றால் நிறுத்தவே மாட்டார்.

ரொம்பப் பின்னால் போனால் இது உதவாது. 1890 கணக்கெடுப்புத் தாள்கள் 1921 தீ விபத்துக்குப் பிறகு அநேகமாக மிஞ்சவில்லை. 1850, 1860 அடிமைப் பட்டியல்களிலோ உரிமையாளர் பெயருக்குக் கீழே அடிமைகளின் வயது, பாலினம், நிறம் போன்றவைதான், பெயர் பெரும்பாலும் இருக்காது. அடிமைப்பட்டிருந்த குடும்பங்களை 1870க்கு முன்னால் இப்படிப் பிடிக்க முடியாது.