ஆலங்கட்டி விழுந்த கூரை: துடைப்பத்தை எடுக்கும் முன் செய்ய வேண்டியவை

ஆலங்கட்டி மழை ஓய்ந்ததும் கை முதலில் துடைப்பத்துக்குத்தான் போகும். எனக்கும் அப்படித்தான் போனது. எங்கள் கூரையில் முதல் தடவை கல் விழுந்த மறுநாள் காலையில் வீட்டைச் சுற்றிக் கிடந்த துண்டு துணுக்குகளை அள்ளி எறிந்தேன். கார் நிறுத்தும் இடத்துத் தகரத்தைக் குழாய்த் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினேன். மழைத்தண்ணீர் வடியும் தகர வாய்க்காலில் கறுப்பு மணல் மாதிரி ஏதோ தேங்கியிருந்தது. அதையும் வாரிக் குப்பையில் கொட்டினேன். 9 நாள் கழித்து இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்தார், ஏணி வைத்து ஏறினார், கால் மணி நேரத்தில் இறங்கினார். "கூரை பழசு, தேய்ந்திருக்கிறது. ஆலங்கட்டி அடித்ததற்கு அடையாளம் இல்லை" என்று எழுதினார். க்ளெய்ம் தள்ளுபடி ஆனது. அடையாளம் இருந்தது. நான்தான் கழுவிவிட்டிருந்தேன்.

சில வருடம் கழித்து மறுபடியும் விழுந்தது. அந்தத் தடவை பணம் வந்தது. நடுவில் நான் செய்தது இவ்வளவுதான்: பாலிசியை வரி வரியாகப் படித்தேன், கூரை வேலை செய்பவர்களோடு நின்று அவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று பார்த்தேன். கணக்கு எழுதுவது என் தொழில் என்பதால் சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார் நாலைந்து பேருடைய க்ளெய்ம் காகிதங்களும் என் மேசைக்கு வந்தன. அதில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

மழை விட்டதும் முதல் அரை மணி நேரம்

கல் உருகிவிடும். அதனால் முதலில் ஒரு கல்லைப் பொறுக்கி, பக்கத்தில் அளவுகோலோ நாணயமோ வைத்து போட்டோ எடுங்கள். இரண்டு மூன்றை ஒரு பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள், ஆனால் ஃப்ரீசரை மட்டும் நம்ப வேண்டாம். 2010 ஜூலை 23 அன்று அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் விவியன் என்ற ஊரில் விழுந்த கல், 8 அங்குல விட்டம், ஏறக்குறைய 880 கிராம் என்று பதிவானது. அந்தக் கல்லே, மின்சாரம் போனதில் அளப்பதற்கு முன்பு கொஞ்சம் உருகிவிட்டது.

அளவு ஏன் முக்கியம் என்றால், கல்லின் விட்டம் இரண்டு மடங்கானால் எடை 8 மடங்காகும், விழும் வேகமும் கூடும். மோதும் ஆற்றல் சுமார் 16 மடங்காகிவிடும். அரை அங்குலக் கல்லும் ஒரு அங்குலக் கல்லும் கூரைக்கு ஒன்றல்ல. "பெரிய பெரிய கல்லாக விழுந்தது" என்று சொல்வதைவிட, 4 சென்டிமீட்டர் காட்டும் ஒரு போட்டோ சர்வேயரிடம் நிற்கும்.

ஈரக் கூரையில் ஏறாதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட கூரையில் எப்போதுமே ஏறாதீர்கள். கல் அடித்த ஷீட் வெளியே முழுசாகத் தெரிந்தாலும் கால் வைத்த இடத்தில் உடைந்து ஆளை உள்ளே இறக்கிவிடும். உடைந்த ஆஸ்பெஸ்டாஸைப் பெருக்கவும் கூடாது, அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. கீழே நின்றபடியே போனில் ஜூம் செய்து எடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

தகரம் சொல்லும் சாட்சி

இதுதான் நான் முதல் தடவை தவறவிட்டது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஷிங்கிள் (நார்ப் பாயில் தார் ஏற்றி, மேலே பொடிக்கல் ஒட்டிய கூரைப் பலகை), ஓடு இவற்றில் விழுந்த அடி "வயசானதால் வந்தது" என்று சொல்லப்பட வாய்ப்பு உண்டு. தகரம், அலுமினியம் போன்ற மெல்லிய உலோகத்தில் விழுந்த குழிக்கு அப்படிச் சொல்ல முடியாது. எனவே கூரைக்கு முன்னால் இவற்றைப் பாருங்கள்: வாய்க்கால் தகரம், கூரையில் நீட்டிக்கொண்டிருக்கும் காற்றுப் போக்கிக் குழாய்களின் மூடி, புகைபோக்கித் தொப்பி, ஏசி வெளி யூனிட்டின் மெல்லிய தகடுகள், தபால் பெட்டி.

குழி நேர் வெயிலில் தெரியாது. காலையிலோ மாலையிலோ வெளிச்சம் சாய்வாக விழும்போது பாருங்கள். அப்போதும் சந்தேகமென்றால் ஒரு சாக்குக்கட்டியைப் படுக்கவைத்துத் தகரத்தின் மேல் லேசாகத் தேய்த்துக்கொண்டு போங்கள். சமதளமெல்லாம் வெள்ளையாகும், குழி மட்டும் நிறம் ஏறாமல் வட்டமாக நிற்கும். வாய்க்கால் தகரத்தில் நான் இப்படித் தேய்த்தபோது ஒரு மீட்டர் நீளத்தில் 11 வட்டங்கள் கிடைத்தன. வெறுங்கண்ணுக்கு மூன்றுதான் தெரிந்திருந்தன.

இன்னொரு அடையாளம் இதைவிட நுட்பமானது. பழைய தகரத்திலும் மரப் பலகையிலும் வெயிலும் பாசியும் சேர்ந்து ஒரு மங்கல் படிந்திருக்கும். கல் அடித்த இடத்தில் அந்த மங்கல் உதிர்ந்து, பளிச்சென்று ஒரு பொட்டு விழும். அந்தப் பொட்டு கல்லின் அளவைச் சொல்லும், எந்தத் திசையிலிருந்து அடித்தது என்று சொல்லும், அடித்தது புதிது என்றும் சொல்லும். நாளாக நாளாக வெயில்மழை பட்டு மறைந்துவிடும். தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் ஒரே நிமிடம். நான் கழுவியது இதைத்தான்.

கூரையிலேயே பார்க்க வேண்டியது

ஷிங்கிளில் கல் அடித்தால் மேலே ஒட்டியிருக்கும் பொடிக்கல் உதிர்ந்து கறுப்பாக ஒரு வட்டம் தெரியும். அங்கே கட்டைவிரலால் அழுத்தினால், பழத்தில் கன்றிப்போன இடம் மாதிரி கொழகொழவென்று அமுங்கும். உள்ளே இருக்கும் பாய் கிழிந்திருக்கிறது என்று அர்த்தம். இன்று ஒழுகாது. ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் போனால் ஒழுகலாம். வாய்க்காலில் தேங்கும் கறுப்பு மணல் இந்தப் பொடிக்கல்தான். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, தேதி எழுதி வையுங்கள்.

வெயிலில் வரும் கொப்புளமும் பார்க்க இப்படித்தான் இருக்கும். ஆனால் கொப்புளம் வெடித்த குழியின் ஓரம் கூராக நிற்கும், அழுத்தினால் கெட்டியாக இருக்கும். ஆலங்கட்டி அடி ஒழுங்கில்லாமல் சிதறியிருக்கும்; காற்று வந்த பக்கத்துச் சரிவில் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருக்கும். எல்லாப் பக்கமும் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் அடி இருந்தால் அது யாரோ சுத்தியலால் தட்டியது. சர்வேயருக்கு அது உடனே தெரியும், உங்கள் உண்மையான க்ளெய்மும் அதோடு போய்விடும்.

ஓடு என்றால் உடைந்த முகத்தைப் பாருங்கள். புதிய உடைவு சுத்தமான நிறத்தில் இருக்கும். பழைய உடைவில் அழுக்கோ பாசியோ ஏறியிருக்கும். உடைந்த ஓடுகளை எறியாமல் ஓரமாக அடுக்கி வையுங்கள்.

சோலார் தகடு இருந்தால் கண்ணாடி உடையவில்லை என்று நிம்மதி அடைய வேண்டாம். ஐஈசி 61215 என்ற, சோலார் தகடுகளுக்கான சர்வதேசத் தரச் சோதனையில் 25 மில்லிமீட்டர் பனிக்கட்டியை நொடிக்கு 23 மீட்டர் வேகத்தில் அடித்துப் பார்க்கிறார்கள். அதைவிடப் பெரிய கல் விழுந்திருந்தால் கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். முந்தைய மாதங்களின் உற்பத்திக் கணக்கோடு ஒப்பிட்டு, குறைந்திருந்தால் சோதிக்கச் சொல்லுங்கள்.

ஒழுகும் இடத்தில் தார்ப்பாய் போடுவது உங்கள் கடமை. மேற்கொண்டு சேதம் ஆகாமல் காப்பாற்றும்படி பாலிசியே சொல்லும். முதலில் போட்டோ, பிறகு தார்ப்பாய். அதற்கான பில்லையும் க்ளெய்மில் சேர்க்கலாம். நிரந்தர ரிப்பேரை மட்டும் சர்வேயர் பார்க்கும்வரை தொடாதீர்கள்.

செலவு எங்கே ஏறுகிறது

கூரையின் பரப்பைத் தரைப் பரப்பாக நினைத்துக்கொண்டு பலர் எஸ்டிமேட்டைப் பார்த்து அதிர்ந்துபோகிறார்கள். 10 மீட்டருக்கு 12 மீட்டர் வீடு என்றால் தரையில் 120 சதுர மீட்டர். கூரை 30 டிகிரி சரிந்திருந்தால் அதை 1.155-ஆல் பெருக்க வேண்டும்: ஏறக்குறைய 139. வெட்டிக் கழிவதற்கு 10 சதவீதம் சேர்த்தால் 152. சுவருக்கு வெளியே நீளும் கூரை இதில் சேரவில்லை. 45 டிகிரி என்றால் பெருக்க வேண்டியது 1.414.

அதற்கு மேல் பழையதைப் பிரிப்பது, குப்பை அகற்றுவது, அடியில் விரிக்கும் ஷீட், சுவரும் கூரையும் சேரும் இடத்துத் தகடு, செங்குத்தான கூரைக்குச் சாரம். எஸ்டிமேட்டில் இவை தனித்தனி வரியாக இருக்க வேண்டும். "கூரை வேலை, மொத்தம் இவ்வளவு" என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். இன்ஷூரன்ஸ்காரர் தரும் கணக்கில் எது விடுபட்டது என்று ஒப்பிட்டுக் காட்ட வரி வரியாக இருந்தால்தான் முடியும். எங்கள் கணக்கில் அடிஷீட்டும் குப்பை அகற்றும் கூலியும் விடுபட்டிருந்தன. இரண்டையும் பென்சிலால் குறித்து அனுப்பினேன், சேர்த்துக்கொண்டார்கள்.

க்ளெய்ம் போடலாமா என்ற கணக்கு

போன் செய்வதற்கு முன்னால் பாலிசியில் இரண்டு இடங்களைத் தேடுங்கள். ஒன்று டிடக்டிபிள், அதாவது முதலில் உங்கள் கையிலிருந்து போகும் தொகை. சில பாலிசிகளில் காற்றுக்கும் ஆலங்கட்டிக்கும் தனி டிடக்டிபிள், அதுவும் சதவீதத்தில் இருக்கும். அந்தச் சதவீதம் பெரும்பாலும் சேதத் தொகையில் அல்ல, வீட்டை இன்ஷூர் செய்த மொத்தத் தொகையில். வீடு 1,000 பங்குக்கு (ஒரு பங்கு எத்தனை ரூபாயாகவும் இருக்கட்டும்) இன்ஷூர் ஆகியிருக்கிறது, 2 சதவீதம் என்றால் 20 பங்கு உங்களுடையது. சேதம் 25 பங்கு என்றால் கைக்கு வருவது 5. அந்த 5-க்காக ஒரு க்ளெய்மைப் பதிவில் ஏற்ற வேண்டுமா என்று யோசியுங்கள். பின்னால் பிரீமியத்தில் அது எதிரொலிக்கலாம்.

இரண்டாவது தேய்மானம். 20 வருடம் உழைக்கும் கூரைக்கு 12 வயது என்று வையுங்கள், புதிதாகப் போட 100 பங்கு செலவு, டிடக்டிபிள் 10. வருடக் கணக்கில் பார்த்தால் தேய்மானம் 60. முதலில் வரும் தொகை 100-லிருந்து 60-ம் 10-ம் போக, 30. "மாற்றுச் செலவு" தரும் பாலிசி என்றால், வேலையை முடித்து பில் அனுப்பிய பிறகு அந்த 60-ம் வரும். "தற்போதைய மதிப்பு" மட்டும் தரும் பாலிசி என்றால் 30-ஓடு சரி. ஒரே கூரை, ஒரே கல். ஒருவருக்கு 90, இன்னொருவருக்கு 30. எனக்குத் தெரிந்த ஒருவர் முதல் காசோலையைப் பார்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்று நொந்துபோய் அப்படியே விட்டுவிட்டார். அவருடையது முதல் வகை. மீதியை அவர் கேட்கவே இல்லை, கெடுவும் முடிந்துவிட்டது.

பாலிசியைப் புதுப்பிக்கும்போது, பழைய கூரைகளை மட்டும் "தற்போதைய மதிப்பு" வகைக்கு மாற்றிவிடும் ஒரு தாளை அதில் சேர்ப்பது உண்டு. தகரக் கூரையில் குழி விழுந்தும் ஒழுகவில்லையென்றால் "தோற்றக் குறைதான், தர மாட்டோம்" என்று சொல்லும் விதியும் சிலவற்றில் உண்டு. அப்படி வந்தால், குழியில் பூச்சு வெடித்திருக்கிறதா, மடிப்புகள் பிரிந்திருக்கின்றனவா என்று பார்த்து அதைக் காட்டுங்கள். அவை துருவுக்கும் ஒழுகலுக்கும் வழி, வெறும் தோற்றம் இல்லை.

சர்வேயரும் கதவைத் தட்டும் ஆளும்

சர்வேயர் வரும் நாளில் உங்கள் கான்ட்ராக்டரும் இருக்கட்டும். சண்டைக்கு அல்ல, ஒவ்வொரு சரிவிலும் 10 அடிக்கு 10 அடி கட்டம் போட்டு, கல் பட்ட இடங்களை எண்ணும்போது கூட இருந்து எண்ணுவதற்கு. நான் தேதி வாரியாக போட்டோக்களையும் அந்த மணல் பாட்டிலையும் மேசையில் வைத்திருந்தேன். இந்தத் தடவை வந்தவர் பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாச் சரிவையும் பார்க்கிறேன்" என்றார். இரண்டு மணி நேரம் பார்த்தார்.

பெரிய மழைக்கு மறுநாள் கதவைத் தட்டி, "டிடக்டிபிளை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்பவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தத் தொகையை அவர் பில்லில் ஏற்றித்தான் எடுப்பார்; பல இடங்களில் அது மோசடிக் குற்றம், அதில் உங்கள் பெயரும் இருக்கும். க்ளெய்ம் உரிமையையே அவருக்கு எழுதிக் கொடுக்கும் தாளும் அவர் நீட்டும் காகிதக் கட்டுக்குள் இருக்கலாம். நீங்கள் பார்க்காமல் யாரையும் கூரையில் ஏற்றவும் வேண்டாம்.

பழையதைப் பிரிக்கும்போது அடியில் உளுத்த பலகை தெரிந்தால் வேலையை நிறுத்தி, போட்டோ எடுத்து, மூடுவதற்கு முன் இன்ஷூரன்ஸ்காரருக்கு எழுதுங்கள். மூடிய பிறகு கேட்டால் கிடைப்பது கஷ்டம். புதிதாகப் போடும்போது 4-ஆம் வகுப்பு ஷிங்கிளின் விலையையும் கேளுங்கள். யு.எல். 2218 என்ற அமெரிக்கத் தரச் சோதனையில் 2 அங்குல இரும்புக் குண்டை 20 அடி உயரத்திலிருந்து ஒரே இடத்தில் இரண்டு முறை போட்டும் விரிசல் விடாதது அது. சில கம்பெனிகள் இதற்குப் பிரீமியத்தில் தள்ளுபடி தரும், ஆனால் பதிலுக்கு அந்தத் "தோற்றக் குறை" விதியை ஏற்கச் சொல்வதும் உண்டு. படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

வேலை முடிந்த அன்றே இறுதி பில், பணம் கட்டிய ரசீது, புதுக் கூரையின் போட்டோக்கள் மூன்றையும் சேர்த்து, பிடித்து வைத்த தேய்மானத் தொகையைக் கேட்டு எழுதுங்கள். கெடு எப்போது முடிகிறது என்பதை முதல் காசோலையோடு வந்த கடிதத்தில் தேடி, காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். எங்களுக்கு அந்த இரண்டாவது காசோலை, முதலாவதைவிடப் பெரியதாக வந்தது.