குடும்ப வன்முறையைப் பேச ஒரு பெண்கள் வட்டம்: நடத்துவது எப்படி

ஆறு முதல் எட்டுப் பேர் போதும். மகளிர் சுய உதவிக் குழு கூடும் நாளிலேயே, அதே இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; "எங்கே போனாய்?" என்று வீட்டில் கேட்டால் சொல்லப் பதில் இருக்கும். அடி வாங்கும் பெண்ணுடைய கணவரின் உறவுக்காரர் ஒருவர்கூட வட்டத்தில் இருக்கக் கூடாது. வாட்ஸ்அப் குழு வேண்டவே வேண்டாம், அவள் செல்போனை வீட்டில் யார் பார்ப்பார்கள் என்று நமக்குத் தெரியாது.

யாரையும் பேசச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். "பிள்ளைகளுக்காகப் பொறுத்துப் போ", "நீ என்ன சொன்னே, அவர் அடிச்சார்?" இரண்டுமே அவள் வாயை அடைத்துவிடும். "நீங்க சொல்றதை நம்புறேன்க்கா. இப்ப உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

அவள் கதையைத் தெருநாடகமாக்க நினைத்தால் சம்மதத்தை இரண்டு முறை கேளுங்கள்: பேசிய அன்றும், ஒரு வாரம் கழித்தும். அழுத வேகத்தில் சொன்ன "சரி" செல்லாது. பெயரை மட்டும் மாற்றினால் போதாது. ஊர், தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் மாற்றுங்கள். முழங்கையில் உள்ள சூட்டுத் தழும்பு ஒன்றே அவளைக் காட்டிக் கொடுத்துவிடும்.

தமிழ்நாட்டில் பெண்களுக்கான உதவி எண் 181-ஐ எந்நேரமும் அழைக்கலாம். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, வீடு கணவர் பெயரில் இருந்தாலும் அவளுக்கு அங்கே குடியிருக்கும் உரிமை உண்டு. வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம்.

ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களை நம்பகமான ஒருவரிடம் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். கணவரிடம் நியாயம் கேட்க மட்டும் கிளம்பிவிடாதீர்கள். அன்றிரவு அடி வாங்குவது அவள்தான்.